வால்வின் மேல் வைத்த பொட்டு

ஐதராபாத்தில் இருந்துகொண்டு கடலுக்கு வேலை செய்கிறேன் என்று சொன்னால் ஊர்ப் பக்கம் சிரிப்பார்கள். சனத்நகரில் நான் வேலை பார்த்த பட்டறையில், எல்லைக் கடலில் ரோந்து போகும் படகுகளுக்கு வேண்டிய வால்வுகளைச் செய்தோம். படகின் எஞ்சின் சூடு தணியக் கடல் தண்ணீரை உள்ளே இழுக்க வேண்டும். அது வரும் வழியில் கதவு மாதிரி நிற்பதுதான் வால்வு. திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். அதன் உடம்பில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் அறைக்குள் வருவது கடல்தான். அதை மூடுவதற்கு வேறு கதவு கிடையாது.

கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் வார்த்து, கடைந்து, கோர்த்து வரும் வால்வுகளைச் சோதிப்பது என் வேலை. இரண்டு வாயையும் தகடு போட்டு முறுக்கி அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிவிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். முள் இறங்கக் கூடாது. வெளியே எங்கேயும் ஒரு துளி வியர்வை கூடப் பூக்கக் கூடாது. சரியாக இருந்தால் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கம்பியால் கட்டுவேன். பத்தாவதோடு நின்றவன் நான். என் கையெழுத்தை நம்பி யாராவது எதையாவது செய்தார்கள் என்றால், அது அந்தச் சீட்டை நம்பித்தான்.

கையெழுத்தோடு இன்னொன்றும் செய்வேன். சந்தனத்தைக் குழைத்து வால்வின் மேல் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை. “முருகா, இதை நம்பி ஆள் போறான், பாத்துக்கோ” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பட்டறையில் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பொட்டு இருந்தால் சோதனை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ரோந்துப் படையிலிருந்து சரக்கைப் பார்க்க வரும் அதிகாரிகூட, நல்ல பக்திமான், வந்தவுடன் முதல் வால்வின் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அந்தப் பொட்டுக்குப் பின்னால் என்ன வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், நான் ஒரே ஒரு தடவை ரோந்துப் படகுக்குள் போனதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வால்வின் கழுத்தில் தண்ணீர் கசிகிறது, ஆள் அனுப்புங்கள் என்று துறைமுகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். கசியாமல் இருக்கக் கழுத்துக்குள் சுற்றி அடைக்கிற கயிறை மாற்றிக் கட்டுகிற சின்ன வேலை. ராத்திரி ரயிலேறிக் காலையில் போய் இறங்கினேன். கரையில் நின்று பார்க்கும்போது படகு சாம்பல் நிறத்தில் அழகாக இருந்தது. உள்ளே இறங்கினால் மூச்சு முட்டியது. டீசல் வாடை, சூடு, காதை அடைக்கிற சத்தம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் பேசின முதல் வார்த்தையிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அண்ணாச்சி கோவில்பட்டியா? அங்க இருந்துக்கிட்டு கடலுக்கு வால்வு செய்தீயளா?”

“ஐதராபாத்துல இருந்துக்கிட்டு.”

“அது இன்னும் நல்லாருக்கு.” சிரித்துக்கொண்டே தரைத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். கீழே, நான் கையெழுத்துப் போட்ட வால்வு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்குள் என் பொட்டு ஒரு பழுப்புக் கறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. “இதுக்கு இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் கடல். நடுவுல நீங்கதான்” என்றார்.

மாதா படம், முருகன் படம், பிள்ளையார் படம் மூன்றையும் பக்கத்துச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். “எல்லாரையும் ஒட்டி வச்சிருக்கோம் அண்ணாச்சி. யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்லா?”

வேலை முடிந்து டீ குடிக்கும்போது, கடலில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். பத்து நாள், பன்னிரண்டு நாள் எல்லைக்குப் பக்கத்திலேயே மேலும் கீழும் போய் வருவார்களாம். எதிரே வருகிற படகை நிறுத்தி ஏறிக் காகிதம் பார்ப்பது, ஐஸ் பெட்டிக்கு அடியில் மீன்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, எஞ்சின் நின்று எல்லை தாண்டி மிதந்து போகிற மீன்பிடிப் படகைக் கயிறு போட்டு இழுத்து வருவது.

“கோடு எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“மிசின்ல தெரியும். தண்ணியில ஒண்ணும் தெரியாது. எங்க அப்பாவும் கடலுக்குப் போறவருதான். சில நாளு நான் திருப்பி அனுப்புற படகுல எங்க ஊர்க்காரனே நிப்பான்.”

“திட்டுவானா?”

“திட்டாம? எங்க அப்பா பேரைச் சொல்லித் திட்டுவான். ஆனா போன மழைக்கு அவன் படகு கவுந்தப்ப நாங்கதான் தூக்கினோம். தூக்கிப் போட்டதும் என் சட்டை மேலயே வாந்தி எடுத்தான். அன்னைக்கு மட்டும் திட்டல.”

பட்டறைக்குத் திரும்பின பிறகு ஒவ்வொரு வால்வையும் மீட்டரில் மாட்டும்போது அந்த மனுஷன் முகம் வரும். பொட்டை இன்னும் கவனமாக வைத்தேன்.

எங்கள் பட்டறை மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். வார்ப்பு வேலையில் கெட்டிக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுச் செருப்பில்லாமல் நடப்பார். எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்துகிற பஜனையில் அவர்தான் முதல் குரல். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் அவர் என் மேஜைக்கு வந்தார். “ஏனுங்ணா, பொட்டைக் கைப்பிடிச் சக்கரத்து மேல வெக்கறீங்க. ஆளாளுக்குத் திருப்பினா அழிஞ்சு போயிருமுங்க. சாமி விசயம். உடம்புல வெய்ங்க. எங்கன்னு நானே சாக்பீஸ்ல வட்டம் போட்டுத் தர்றேன்.”

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதன் பிறகு வால்வுகள் என்னிடம் வரும்போதே சிலவற்றில் சின்ன வட்டம் இருக்கும். ஒன்றில் கழுத்துக்குக் கீழே, ஒன்றில் வயிற்றில், ஒன்றில் அடியில். வட்டம் இல்லாதவற்றில் என் இஷ்டம். இடம் ஏன் மாறி மாறி வருகிறது என்று நான் கேட்கவில்லை. வட்டத்துக்குள் உலோகம் கொஞ்சம் மங்கலாக இருப்பது கண்ணில் பட்டது. வார்ப்புத் தழும்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வால்வில் இரண்டு வட்டம் இருந்தது. “இதென்ன சார், ரெண்டு?” என்றேன்.

“அம்மனுக்கு ஒண்ணு, அய்யனுக்கு ஒண்ணுன்னு வெச்சுப்போடுங்ணா” என்றார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு பொட்டு வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த முறை ஆறு வால்வுகள் போயின. அதிகாரி வந்து பொட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்திரை அடித்துவிட்டுப் போனார். அடுத்ததாகப் பன்னிரண்டு வால்வுக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் கிரைண்டர் பிடிக்கிறவர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்து வரும்: ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, மடையனுக்கு ஹவ்லா.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன். என் பேர் மட்டும் வெளிய நக்கோ.”

“சொல்லுப்பா.”

“கைக்கு நீங்க அந்த வட்டத்துலயே பொட்டு வைக்கிறீங்க?”

“மேனேஜர் போட்டுத் தர்றார், வைக்கிறேன்.”

நான் தெரியாமல்தான் செய்கிறேன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருந்தது. “ஹவ்லா மாதிரி பேசாதீங்கண்ணா. அந்த இடத்துல நான் அரைக்கிறது கன்மெட்டல் இல்ல, பட்டி. பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஊசியால குத்திப் பாருங்க.”

அன்றைக்கு என்னிடம் வந்த அடுத்த வால்வில் வட்டம் இருந்தது. கோடு கிழிக்கிற எஃகு ஊசியை எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினேன். கன்மெட்டலில் ஊசி வழுக்கும், கீறும், இறங்காது. இது இறங்கியது. சோப்புக் கட்டியில் இறங்குகிற மாதிரி. திருகி எடுத்தபோது மாவு போல உதிர்ந்தது. வார்க்கும்போது காற்று நின்று உள்ளே பொத்தலாகிப் போன இடத்தில், ஒட்டுப் பட்டியில் கன்மெட்டல் தூளைக் கலந்து நிறம் வருகிற மாதிரி அடைத்து, மேலே அரைத்து மினுக்கியிருந்தார்கள். புளித்த மீன் மாதிரி ஒரு வாடை அடித்தது. கால் மணி நேரத்துக்குப் பட்டி தாங்கும், முள் இறங்காது. எஞ்சின் அதிர்ச்சியில், உப்புத் தண்ணீரில், மாசக் கணக்கில் எங்கே தாங்கும்? கண்ணுக்குத் தெரிகிற மங்கலை மறைப்பதுதான் பாக்கி. அதற்கு என் குங்குமம். குங்குமத்தை எந்த அதிகாரி சுரண்டிப் பார்ப்பான்?

உதிர்ந்த தூளை ஒரு துணியில் மடித்துக்கொண்டேன். திருட்டுக்கு ஆயிரம் மூடி இருக்கும். என் முருகனைக் கொண்டுவந்து மூடியிருக்கிறார்கள், அதுவும் என் விரலாலேயே.

ஊசியோடு நேரே மேனேஜரிடம் போனேன். அவர் தூளைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“டெஸ்ட்ல நின்னுதுங்களா, இல்லீங்களா?”

“நின்னுது.”

“அப்பறம் என்னங்ணா? வார்ப்புன்னா பொத்த இருக்கத்தான் செய்யும். எல்லாத்தையும் உருக்கி மறுபடி ஊத்துனா சரக்கு எப்பங்க போறது?”

“அதுக்குச் சாமி பொட்டா சார்?”

“உங்க முருகனே ஒண்ணும் சொல்லலையாமா, உங்களுக்கு என்னங்க வந்துச்சு?”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நாளைக்கு அதிகாரி வர்றார். பொட்டு வெக்கப் பிரியமில்லீன்னா வெக்காதீங்க, நானே வெச்சுக்கறேன். ஆனா போன ஆறுலயும் உங்க கையெழுத்து தொங்குதுங்ணா. அதையும் கொஞ்சம் யோசிச்சுக்கங்க.”

அவர் மிரட்டினார் என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் உறைத்தது. அந்த ஆறு வால்வும் ஏதோ ஒரு படகில் தரைத் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன, என் கையெழுத்தோடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு வால்வையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். மேனேஜர் தன் விரலாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுவத்தியும் ஏற்றியிருந்தார். அதிகாரி வந்தார். முதல் வால்வைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கிரசின் டப்பாவில் பஞ்சை முக்கி எடுத்துக்கொண்டு போய், வட்டம் போட்டு வந்த மூன்றாவது வால்வின் குங்குமத்தைத் துடைத்தேன். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. துடைக்கும்போது என் கை கூசியது. பிறந்ததிலிருந்து அந்தக் கை செய்யாத காரியம்.

அதிகாரி இந்தியில் அதட்டினார், பைத்தியமா உனக்கு என்று. மேனேஜர் என் தோளைப் பிடித்து இழுத்தார். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்னங்ணா இது, நாசம் பண்றீங்க” என்று தமிழில் சொன்னார். குங்குமத்தைத் துடைத்ததைத்தான் நாசம் என்றார். நான் ஊசியை அந்த இடத்தில் குத்தி நட்டமாக விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். ஊசி விழவில்லை. பழத்தில் குத்தின கத்தி மாதிரி நின்றது.

அதிகாரி ஊசியைப் பிடுங்கிப் பார்த்தார், தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தப் பஞ்சை என் கையிலிருந்து வாங்கி மற்ற பொட்டுகளைத் தானே துடைத்தார். பன்னிரண்டில் ஐந்தில் பட்டி இருந்தது. சற்று முன்னால் கண்ணில் ஒற்றிய விரலைப் பேன்ட்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார்.

“இதற்கு முன்னால் போனதில் எத்தனை?” என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“போனது ஆறு. வட்டம் போட்டது மூன்று என்று ஞாபகம். எல்லாம் நான் கையெழுத்துப் போட்டது” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அந்த ஆறையும் மாட்டிய படகு அடுத்த வாரம் வெள்ளோட்டம் போகிறது என்றார் அதிகாரி. எழுத்தில் கொடு, இன்றைக்கே கொடு, அப்போதுதான் படகை நிறுத்தச் சொல்ல முடியும் என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் மனைவி பாதியிலேயே நிறுத்தினாள். “வெள்ளிக்கிழமை அன்னைக்குக் குங்குமத்தத் தொடச்சீகளா? என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்கீக?”

அடியில் என்ன இருந்தது என்று சொன்னேன். அவளுக்குப் பட்டி என்றால் தெரியாது. பல்லில் சொத்தையை அடைக்கிற மாதிரி என்று சொன்னதும் முகத்தைச் சுளித்தாள்.

“அப்ப அது குங்குமமே இல்ல” என்றாள். “போய்க் குளிங்க. குளிச்சிட்டு வந்து எழுதுங்க.”

“எழுதினா வேலை போகும்.”

“போனா எனக்குப் பயமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் படகுல இருக்கவன் எந்த ஊருக்காரனோ. நீங்க எழுதுங்க.”

நான் தமிழில் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கிற மகள் இங்கிலீஷில் அடித்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்கு. என் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, “மீ பேரு தீசேத்தாமா நான்னா?” என்றாள். உங்கள் பெயரை எடுத்துவிடலாமா அப்பா என்கிறாள்.

“எடுக்காதே. அது இருந்தாத்தான் அவங்க நம்புவாங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்து முடித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் கடிதம் அதிகாரிக்குப் போய்விட்டது.

வெள்ளோட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரமே ஆறு வால்வும் கழற்றப்பட்டு மரப்பெட்டியில் திரும்பி வந்தன. அதிகாரி முன்னால் நான்தான் பெட்டியைத் திறந்தேன். துறைமுகத்தில் வால்வுகளுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்தவர் யாரோ, பொட்டு மேல் பிரஷ் படாமல் வட்டமாக விட்டுவிட்டுச் சுற்றிலும் அடித்திருந்தார். சாமி குங்குமம் என்று பயந்திருக்கிறார், பாவம். அதனால் பெயின்ட் கூட இல்லாமல் பட்டி அப்படியே இருந்தது.

ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். மூன்று என்று சொல்லியிருந்தேன். நான்கு வால்வில் பட்டி இருந்தது. அம்மனுக்கு ஒன்று அய்யனுக்கு ஒன்று என்று இரண்டு பொட்டு வைத்த வால்வில் இரண்டு இடத்திலும் பட்டி. கரையில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதே கடல் தண்ணீர் அதற்குள் வேலையைக் காட்டிவிட்டது. அடைத்திருந்தது ஊறிப்போன ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. குங்குமமும் சந்தனமும் பட்டியும் எண்ணெயும் கலந்து, சிவப்பாக, சீழ் மாதிரி. உள்ளே விட்ட என் சுட்டு விரல் நகம் வரைக்கும் போனது. இன்னும் ஒரு மயிரிழை கனத்துக்குத்தான், அதுவும் தண்ணீர் கசியவிடும் உலோகம் மிச்சம். அதற்கு அந்தப் பக்கம் கடல் இருந்திருக்கும். இந்தப் பக்கம், யாரோ ஒருவர் தரைத் தகட்டு மேல் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பழைய சீட்டுகளை அறுத்துவிட்டு, ஆகாது என்று புதுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் சோதித்துத் தவறவிட்டது என்று என் பெயருக்கு நேராகவே எழுதச் சொன்னார் அதிகாரி. எழுதினேன். நியாயம்தான். சரியான வார்ப்பில் புது வால்வுகள் போய், படகு பிற்பாடு கடலுக்குப் போனது. அந்த வேலையில் நான் அதிக நாள் நீடிக்கவில்லை. மேனேஜர் நீடித்தார். முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாராம், அவ்வளவுதான்.

சுரண்டி முடித்த அன்று மதியம் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலில் அந்த வாடை போகவில்லை. மேனேஜர் ஒரு தூக்குவாளியோடு வந்தார். காலையில் கோயிலில் அவர் உபயமாம். எல்லோருக்கும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி முகம்.

“பிரசாதமுங்ணா. கோவத்தை நம்ம மேல வெச்சுக்கங்க, சாமி மேல காட்டப்படாது.”

தொன்னையைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரலைத்தான் பார்த்தேன். பன்னிரண்டு வால்வுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்த விரல். அதே மாதிரி ஒரு விரல் என் கையிலும் இருந்தது, நகத்துக்குள் சிவப்போடு.

“எனக்கு வேண்டாம் சார்” என்றேன். பிரசாதத்தை வேண்டாம் என்று நான் சொன்னது என் வயசுக்கு அதுதான் முதல் தடவை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். நான் குழாயை மறுபடி திறந்தேன்.